சுவீடன் கவிஞரின் தகப்பனார் பெயர்

படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட எனக்கு மனம் வராது. முப்பத்து நான்கு ஆண்டு அரசாங்க உத்தியோகம் தந்த வியாதி. (ஓய்வூதியமும் தந்தது. குறை சொல்லக்கூடாது.)

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஈப்போ வீட்டில் மனைவி கமலாவுடன் ஒரு சுவீடன் துப்பறியும் நாடகம் பார்த்தேன். அதில் ஒரு கிழவர் கவிதை வாசித்தார். திரையின் கீழே மலாய் மொழியில் ஓடிய வரிகளே என்னை உலுக்கிவிட்டன. புத்தகத்தைக் கிட்டத்தில் காட்டியபோது அடியில் கவிஞர் பெயர் தெரிந்தது: ஓகாண்ட். ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி.

அதற்கடுத்த மாதம் பக்கத்து ஊரான செமோரின் வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டியிருந்தது. போன முறை என் பேச்சில் ஏழு பிழை கண்டுபிடித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான் தலைவர். அவர் வாயை அடைக்க இந்தக் கவிஞர் போதும் என்று, 'யாரும் அறியாத ஓகாண்ட்' எனத் தலைப்புக் கொடுத்தேன்.

கவிஞரைப் பற்றித் தகவல் தேட நூலகத்துக்குப் போய், விண்ணப்பப் படிவம் கேட்டேன். நூலகத்துப் பெண் இதற்குப் படிவமே இல்லை என்றாள். நானே ஒன்று தயாரித்து மூன்று பிரதி கொடுத்தேன். பெயர்: ஓகாண்ட். தகப்பனார் பெயர்: தெரியவில்லை. (நம் அடையாள அட்டையில் அப்பா பெயர் இல்லாமல் ஆளே கிடையாதே.)

அவள் மூன்று சுவீடன் கவிதைத் தொகுப்புகளின் பொருளடக்கத்தை அச்செடுத்துத் தந்தாள். மூன்றிலும் ஓகாண்ட் இருந்தார், முந்நூறு ஆண்டு இடைவெளியில். பரம்பரைக் கவிஞர் குடும்பம் என்று முடிவு செய்தேன்.

"ஏங்க, யாரையாவது கேட்டுக்குங்களேன்" என்றாள் கமலா. ஆதாரம் மூன்று பிரதியில் இருக்கிறது என்றேன்.

கூட்டத்தில் பெயரை, புள்ளிகளோடு, பலகையில் எழுதி அரை மணி நேரம் அந்தக் குடும்பத்தைப் புகழ்ந்தேன். தலைமையாசிரியர் குறிப்பெடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது பத்து காஜா என்ற ஊரிலிருந்து வந்திருந்த மேரி டீச்சர் எழுந்தார். சுவீடனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தவர்.

"அண்ணே, இவரு எம் மக போனுக்கு அடிக்கடி கூப்புடுவாரு."

அரங்கம் நிமிர்ந்தது. நானும் ஆவலோடு நம்பர் கேட்டேன்.

"நம்பர் தெரியலன்னாதான் இந்தப் பேரு வரும்லா. அது பேரு இல்லண்ணே. அவங்க பாஷையில யாருன்னு தெரியலன்னு அர்த்தம்."

தலைமையாசிரியர் பேனாவை மூடினார். பிறகு, மிக மரியாதையாக, என் படிவத்தின் பிரதி ஒன்று கேட்டார். வாசித்தார், உரக்க. பெயர், தகப்பனார் பெயர் இரண்டுக்கும் ஒரே பதிலை இரண்டு மொழியில் எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் தட்டிலிருந்த கடைசிக் கறிபாப் பலகாரத்தைத் தின்றது யாரென்று கமலா கேட்டால், ஓகாண்ட் என்கிறார்கள் பிள்ளைகள்.

"அப்பா பேரு?" என்பாள் கமலா.

"தெரியல."

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் சரியான ஆளைத்தான்.