மூச்சு மாஸ்டரும் நான் கெடுத்த காற்றும்

கூட்டேரிப்பட்டில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரு பயிற்சி வகுப்பை ஒரே ஒரு பொய் சொல்லி இழுத்து மூடியவன் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, பொறுமையும் இல்லை. அந்தப் பொய்யை ஊர் எவ்வளவு சுலபமாக விழுங்கியது என்று நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. கோபத்தில் பெரும்பங்கு எனக்குத்தான். மீதியை ஊருக்குப் பிரித்துக் கொடுக்கிறேன்.

வகுப்பை நடத்தியவருக்கு மூச்சு மாஸ்டர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் மாதா கோயில் பதிவில் பத்திரமாக இருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், மனிதனைத் தண்ணீருக்கு அடியில் வைத்துத் திட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வளைகுடா நாடுகளில் கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டும் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரான ஒலக்கூர் பக்கம் வந்து, காற்று அடைக்கும் ஒரு கம்ப்ரஸரையும் சில சிலிண்டர்களையும் வைத்துக்கொண்டு ஸ்கூபா முக்குளிப்புக் கற்றுக்கொடுத்தார். எங்கே? கூட்டேரிப்பட்டில், ஏழுமலை என்பவரின் மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை வயலுக்கு, நடுவில் இருந்த பாசனக் கிணற்றில்.

"பக்கத்துல பாண்டிச்சேரியில கடலு இருக்குது, நீ ஏன்யா கெணத்துல எறக்குற?" என்று டீக்கடையில் கேட்காதவர் கிடையாது.

"கடல்ல மீனு இருக்குது. மீனைப் பாத்துட்டான்னா எவனும் பாடம் கேக்க மாட்டான். கெணத்துல பாக்கறதுக்கு இன்னா இருக்குது? கம்முனு சொன்னதைக் கேப்பான்" என்பார். சொல்லும்போதே அவருக்குக் கோபம் வந்துவிடும்.

அவருடைய வேதம் ஒற்றை வரிதான்: மூச்சைப் பிடிக்காதே. சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் இருப்பவன், மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே தண்ணீருக்குள் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நியாயமான விதி. ஆனால் மாஸ்டர் அதைத் தரையிலும் அமல்படுத்தினார். மூட்டை தூக்குகிறவன் தம் கட்டினால் ஓடிப்போய்த் திட்டுவார். பிறந்தநாள் வீட்டில் மெழுகுவத்தியை ஊத ஒரு குழந்தை கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்க, "விடு, விடு, உள்ள வச்சிக்கினு இருக்காத" என்று இவர் கத்திய கத்தலில் குழந்தை அழுது, கேக்கை யாரும் வெட்டவே இல்லை. திண்டிவனத்தில் எக்ஸ்ரே எடுக்கப் போனபோது, "மூச்சை இழுத்துப் புடிச்சிக்கங்க" என்றாராம் எடுப்பவர். "மாட்டேன்" என்றாராம் இவர். கடைசிவரை பிடிக்கவில்லை. படத்தில் அவருடைய விலா எலும்புகள் மழையில் நனைந்த கோலம் மாதிரி கலைந்திருந்தன. அதை வகுப்பில் பெருமையாக மாட்டி வைத்திருந்தார்.

கிறிஸ்தவரான அவர் மயிலம் மலைக்கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் போவார். சாமியைப் பார்க்க இல்லை; நாதஸ்வரக்காரர் எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்க்க. உலகத்தில் அவர் திட்டாத ஒரே ஜீவன் அந்த நாதஸ்வரக்காரர்தான்.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நீரின் அழுத்தத்தைப் பற்றிப் பல வருடங்கள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேனே தவிர, அதற்குள் ஒருநாளும் இறங்கியதில்லை. இறங்கிப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. டாக்டர் சம்மதித்துவிட்டார். என் மனைவி கமலாதான், "பாத்ரூம்ல வழுக்கி வுழாம வந்தாலே போதும்னு நான் வேண்டிக்கினு இருக்கறேன், நீங்க கெணத்துல போய் வுழறேங்கறீங்க" என்றாள்.

வகுப்பில் மூன்று பேர். நான், செல்போன் கடை வைத்திருந்த பாபு, ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த ஸ்டெல்லா. தரையில் மாஸ்டர் எனக்குத் தந்த மரியாதைக்கு அளவே இல்லை. "சார், டீ சாப்ட்டீங்களா? சார், நெழல்ல உக்காருங்க." தண்ணீருக்குள் போனதும் இடுப்பில் தொங்கும் எழுதும் பலகையை எடுத்து, பென்சிலால் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டுவார்: 'யோவ் மூச்சு விடு.' பாடம் நடத்திய பழக்கத்தில் எனக்குக் கை தானாக ஆடும். தண்ணீரில் ஆடாமல் அசையாமல் அந்தரத்தில் நிற்பதுதான் முதல் தேர்ச்சி. பலகை வரும்: 'இங்க போர்டு இல்ல. கைய கட்டு.'

"தண்ணிக்குள்ள மரியாதை கெடையாது சார்" என்று மேலே வந்ததும் பணிவாக விளக்குவார். "மரியாதை குடுத்துக்கினு இருந்தா ஆளு பூடுவான்."

இன்னொரு சட்டமும் இருந்தது. முக்குளிப்பவர்கள் எங்கும் மதிக்கும் சட்டம். தண்ணீருக்குள் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், போதும் மேலே போகலாம் என்று சைகை காட்டலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சொன்னவன் சொன்னதுதான். பாபு இதைப் பிடித்துக்கொண்டு, டீ குடிக்கத் தோன்றும்போதெல்லாம் கட்டைவிரலை மேலே காட்டினான். மாஸ்டர் மேலே வந்து மோட்டார் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்து, தென்னை மரத்தையும் காக்காயையும் பம்பு செட்டையும் வாய்க்கு வந்தபடி ஏசுவார். பாபுவை மட்டும் ஏன் என்று கேட்டதே இல்லை.

இப்போது என் அசிங்கத்துக்கு வருகிறேன்.

முக்குளிப்பவர்களுக்குள் ஒரு ரகசியப் போட்டி உண்டு. யாருடைய சிலிண்டரில் காற்று கடைசியில் அதிகம் மிஞ்சுகிறதோ அவர் தேர்ந்தவர். பதற்றமில்லாதவன் குறைவாகக் குடிப்பான். ஸ்டெல்லாவின் காற்று மீட்டரைப் பார்த்ததும் மாஸ்டர் "ம்" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் பாராட்டு அவரிடம் ஸ்டாக்கில் இல்லை. என் மீட்டரைப் பார்த்தால், "சார், சுவாசிக்கிறீங்களா, சாப்பிடறீங்களா?" என்பார்.

வாழ்நாள் முழுக்கப் பிறருக்கு மதிப்பெண் போட்டவனுக்கு, அந்த ஒரு 'ம்' கிடைக்காதது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மெதுவாகப் பழகினால் தானாக வரும் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அப்படியே அடக்கிக்கொண்டு மனதுக்குள் ஒரு சூத்திரம் சொல்வது. பாசி கலங்கிய தண்ணீர்; மாஸ்டர் பாபுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்; அவர் என் பக்கம் திரும்பும்போது மட்டும் குமிழி விடுவேன். மீட்டர் அழகாக நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அதைப் பார்த்து, "ம்" என்றார்.

அந்த 'ம்'மை விழுப்புரம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "கமலா, மாஸ்டர் இன்னிக்கு 'ம்'னுட்டாரு."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் 'ம்'தான் சொல்லிக்கினு இருக்கறேன். அதுக்கு என்னிக்காவது இந்த மூஞ்சி இப்டி மலர்ந்திருக்குதா?" என்றாள்.

மூச்சை அடக்கினால் வெளியே போகவேண்டிய கெட்ட காற்று உடம்பிலேயே தங்கும். தலை பிளக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு மறைத்தேன். பிறகு ஒருநாள், கிணற்றின் அடியில், தலை இடி இடித்து, கண் இருட்டி, வாயில் கவ்வியிருந்த ரெகுலேட்டரைத் துப்பிவிட்டேன். மாஸ்டர் பாய்ந்து வந்து, தன் உதிரிக் குழாயை என் வாயில் திணித்து, கட்டிப் பிடித்து, மெதுவாக மேலே கொண்டுவந்தார். கிணற்றுப் படியில் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன். சுற்றிலும் கூட்டம். கொல்லைக்காரர் ஏழுமலை, மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தவர்கள், பாபு, எல்லோரும்.

மாஸ்டர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "சார், மூச்சைப் புடிச்சீங்களா?"

"இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "சிலிண்டர்ல காத்து கெட்டிருக்கு. கம்ப்ரஸர் புகையை உள்ள அடைச்சிருக்கு. இயற்பியல் தெரிஞ்சவன் சொல்றேன்" என்றேன். நடக்கக்கூடிய விஷயம்தான், அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு வலுவாக நின்றது.

மாஸ்டருக்கு அவருடைய சட்டம்தான் சட்டம். தண்ணீருக்குள் இருந்தவன் சொன்னது சொன்னதுதான். எல்லா சிலிண்டர்களையும் அங்கேயே திறந்துவிட்டார். உஸ்ஸென்று அந்த நல்ல காற்று முழுவதும் மல்லாட்டைக் கொல்லையில் வீணாய்ப் போன சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது.

பாபுவின் செல்போன் மாலைக்குள் திண்டிவனம் வரை சேதி சொல்லிவிட்டது: மூச்சு மாஸ்டர் விஷக்காற்றை அடைத்து விற்கிறார். ஏழுமலை கிணற்றுப் படியில் முள் வெட்டிப் போட்டார். "புரொபசரே சொல்லிட்டாரு" என்பதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கூட்டேரிப்பட்டு முழுக்கத் தேடினாலும் "நீங்க பொய் சொல்றீங்களா சார்?" என்று என்னைக் கேட்கவில்லை. வேட்டி வெள்ளையாக இருந்தால் உள்ளே இருப்பதும் வெள்ளை என்று நினைக்கும் இந்த மடத்தனத்தை என்னவென்று சொல்வது?

சில வாரங்கள் கழித்து ஸ்டெல்லா போன் செய்தாள். "சார், மாஸ்டர் திரும்பத் திரும்ப கம்ப்ரஸரைப் பிரிச்சிப் போட்டுக்கினு இருக்காரு. தப்பு எங்க இருக்குதுன்னு தெரியலயாம். சரியா சாப்பிடறதுகூட இல்லியாம் சார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. என்னை நம்பிவிட்டு, தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே ஒலக்கூருக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் படுதாவை விரித்து, கம்ப்ரஸரை அக்கக்காகப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். தலைவலி தேவலையா? நல்லா ரோசிச்சு சொல்லுங்க, அன்னிக்குக் காத்துல எண்ணெ வாசனை வந்துச்சா, பொகை வாசனையா?"

"ஒரு வாசனையும் வரல மாஸ்டர். காத்து நல்ல காத்து. நான்தான் மூச்சைப் புடிச்சேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அன்னிக்கா?"

"அதுக்கு முன்னாடியும். நீங்க 'ம்' சொன்ன நாளும் புடிச்சிக்கினுதான் இருந்தேன்."

"யோவ்" என்றார். தரையில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "யோவ், செத்திருப்பியேய்யா. என் கையில செத்திருப்பியேய்யா. பேஜாரு புடிச்ச ஆளு, ஒரு 'ம்'முக்கா? கேட்டிருந்தா நாள் பூரா சொல்லிக்கினு இருந்திருப்பனேய்யா."

"மாஸ்டர், நான் பொய் சொல்லி உங்க பொழப்பை..."

"பொய்யி கெடக்குதுய்யா. அதுக்கு உன்னை அப்புறம் திட்டறேன். மூச்சைப் புடிச்சிருக்கியே." வால்வு ஒன்றை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த வால்வு.

நேரே கூட்டேரிப்பட்டு டீக்கடைக்குப் போய், ஏழுமலையும் மற்றவர்களும் இருக்கும்போது, நான் சொன்னது பொய் என்று சத்தமாகச் சொன்னேன். செருப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். நாற்காலி வந்தது.

"சாருக்குப் பெரிய மனசு" என்றார் ஏழுமலை. "அந்த ஆளு கஷ்டப்படறான்னு பழிய தன் மேல போட்டுக்கறாரு பாரு."

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் டீ ஆற்றியவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியைத் தூக்கி நெடுஞ்சாலையில் எறிந்திருப்பேன். பொய் சொன்னபோது அறிவாளி. உண்மை சொன்னால் மகான். நான் எந்தப் பக்கம் விழுந்தாலும் மெத்தை போடுகிறார்கள். மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றாலும் முள் வெட்டிப் போடுகிறார்கள். "யோவ், நான் பொய்யன்யா" என்று கத்தினேன். வெயிலில் வந்த மயக்கம் என்று சோடா உடைத்தார்கள்.

கடைசியில் ஏழுமலையிடம் சொன்னேன்: "அதே கம்ப்ரஸர், அதே சிலிண்டர். உங்க கண்ணு முன்னாடி நானே உள்ள எறங்கறேன்."

"மாஸ்டரு உள்ள எறங்கக்கூடாது, கரையில என் பக்கத்துல நிக்கணும்" என்றார் அவர்.

மாஸ்டர் முதலில் மறுத்தார். "இந்த ஆளை நம்பி எறக்க மாட்டேன்." ஸ்டெல்லா கூடவே இறங்கி, என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் வார்களை இழுத்து இறுக்கிவிட்டார். உயிரே போகும்படி இறுக்கினார்.

அன்று நான் முக்குளித்த மாதிரி கேவலமாக இதுவரை யாரும் முக்குளித்திருக்க முடியாது. பயத்தில் எருமை மாதிரி மூச்சு வாங்கினேன். அடக்கவில்லை. மீட்டர் முள் கண்ணெதிரே சரிந்தது. சரியட்டும் என்று விட்டேன். குமிழிகள் விட்டுப் போகாமல் மேலே போய்க்கொண்டே இருந்தன. வெகு சீக்கிரம் காற்று குறைந்து, இருவரும் மேலே வந்தோம்.

ஏழுமலை குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "தலை வலிக்குதா?"

"இல்ல."

"வாந்தி?"

"பசிக்குது" என்றேன்.

அவர் மாஸ்டரைப் பார்த்தார். பிறகு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓரத்தில் ஒதுக்கியிருந்த முள்ளை இழுத்துக்கொண்டு போய் வேலிக்கு வெளியே போட்டார். மாஸ்டர் என் மீட்டரைப் பார்த்து, "மொதல் பாடத்துலேர்ந்து ஆரம்பி" என்றார். 'ம்' சொல்லவில்லை.

பாபு திரும்பி வரவில்லை. பொய் போன ஊருக்கெல்லாம் நான் போய்ச் சேர முடியவில்லை. மாஸ்டரின் காற்றைச் சந்தேகப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா பாண்டிச்சேரிக் கடலில் இறங்கி மீன் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு இன்னும் கிணறுதான். ஞாயிறுதோறும் அவள் துணையோடு அடியில் உட்கார்ந்து மூச்சு விடுகிறேன்; மாஸ்டர் படியில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்க்கிறார்.

பொய்க்காக அப்புறம் திட்டுகிறேன் என்றாரே, அந்தத் திட்டு இதுவரை வரவில்லை. போன வாரம், புதிதாக வகுப்பில் சேர்ந்திருக்கும் ஏழுமலையின் மருமகன், எனக்கு முன்னதாகக் கிணற்றைவிட்டு ஏறியவன், சொன்னான்: "சார், நீங்க உள்ள இருக்கற வரைக்கும் மாஸ்டரு உங்களைத் திட்டிக்கினே இருக்காரு. உங்க தலை தெரிஞ்சதும் நிறுத்திடறாரு."

தண்ணீருக்கு அடியில் அது எனக்குக் கேட்பதில்லை. எனக்கு இருக்கும் ஒரே குறை அதுதான்.