கனடாவுக்குப் போன ஆரஞ்சுத் தட்டு

அன்புள்ள மருமகள் கார்லீனுக்கு,

உன் தாய்மாமன் ஆர்வில் நிஸ்கனென், மேல் மிச்சிகனிலிருந்து மிகுந்த அன்போடும் கொஞ்சம் முதுகுவலியோடும் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை லோர்னாவும் என் வலது முழங்காலும் சுகம். இடது முழங்கால் தன் சங்கதியைத் தானே சொல்லிக்கொள்ளும். கிரீன் பேயில் உன் மாமியார் வீட்டில் நீ நன்றாகச் சாப்பிட்டு, குறைவாகப் பேசி, பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். ஒன்று, பனி விழுவதற்குள் நீ தூரத்துக்கு எறிகிற ஒரு தட்டு வாங்க வேண்டும், எது கைக்கு எப்படி இருக்கும், எது எப்படிப் பறக்கும் என்று. இரண்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கும் உன் அத்தையின் அண்ணன் க்ளிஃப்டன் டிரெசோனாவுக்கும் நடந்த போட்டியில் என்னதான் ஆயிற்று, ஜெயித்தவன் பையில் தொங்கும் ஒன்றாம் நம்பர் வில்லை யாருக்கு என்று. தட்டை எறிந்து ஆடும் நம் டிஸ்க் கோல்ஃப் சங்கத்துக்கு நீதான் தலைவி, வெள்ளிக்கிழமைக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள். எனவே க்ளிஃப்டன் எழுதுவதற்கு முன்னால் உண்மை உனக்கு வந்து சேரட்டும் என்று சாப்பாட்டு மேசையைக்கூடத் துடைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தட்டு விஷயத்தில் நீ கேட்க வேண்டிய ஆள் நான்தான். எட்டாம் வகுப்பு வரை ஒழுங்காகவும் அதற்கு மேல் ஒழுங்கில்லாமலும் படித்தவன் என்றாலும், காற்று என்னோடு பேசும். என் பையில் எத்தனையோ தட்டு இருந்தாலும் தூரத்துக்கு என்று மூன்றே மூன்றுதான். முதலாவது எருமை. பெயர் நான் வைத்தது. நூற்று எழுபத்தைந்து கிராம், கட்டிப் பிளாஸ்டிக், விளிம்பு இரும்பு தோசைக்கல் அகலம். பிடித்தால் உள்ளங்கை நிறைந்துவிடும், விரல் மட்டும் வாடகைக்கு இருப்பதுபோல் ஓரத்தில் தொங்கும். எறிந்தால் எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், போகும், அப்புறம் வீட்டு ஞாபகம் வந்த எருமை மாதிரி இடது பக்கம் திரும்பித் தரையில் படுத்துவிடும். நீ கெஞ்சினாலும் எழாது. இரண்டாவது சீமாட்டி. நூற்று ஐம்பது கிராம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. வெயில் காலத்தில் பட்டு. அக்டோபர் குளிரில் ஈரச் சோப்பு. பின்காற்று இருந்தால் அவள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே கறி அடைத்த ஒரு பாஸ்டியைச் சாப்பிட்டு முடித்துவிடலாம். எதிர்க்காற்று அடித்தால் மட்டும் வலது பக்கம் கவிழ்ந்து, யாரையோ திட்டிக்கொண்டே போவதுபோல் போய்விடுவாள்.

மூன்றாவது என் ஆரஞ்சு. கார்லீன், இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். வாங்கும்போது இவனும் ஒரு எருமைதான். இந்த ஊரிலுள்ள ஒவ்வொரு மேப்பிள் மரத்திலும் மோதி மோதி, விளிம்பெல்லாம் நாய் கடித்த செருப்பு மாதிரி ஆகி, புத்தி வந்துவிட்டது. இப்போது விட்டால் முதலில் சற்று வலது, பிறகு நேர், கடைசியில் பாசமாக இடது என்று பாம்பு நெளிவது மாதிரி ஒரு நெளிவு நெளிந்து, மற்ற தட்டு விழுகிற இடத்தில்தான் மூச்சே விட ஆரம்பிப்பான். வேகம் பதின்மூன்று என்று கடையில் எழுதியிருக்கும் வகை. நீயும் பதின்மூன்றே வாங்கு. குறைந்த வேகத் தட்டு என்பது கை வலுவில்லாதவர்களுக்கும் க்ளிஃப்டனுக்கும். அவன் வைத்திருப்பது ஒரு ஒன்பது. சாக்பீஸ் மாதிரி சொரசொரவென்று மலிவுப் பிளாஸ்டிக், விளிம்பு பிஸ்கட் அகலம். பிடித்துப் பார்த்தேன், ஆண்பிள்ளை பிடிக்கிற சாமான் மாதிரியே இல்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஒன்றாம் நம்பர் வில்லை ஆகஸ்டிலிருந்து என் பையில் தொங்குகிறது என்பது உனக்குத் தெரியும். அதை நான் ஜெயித்த அன்று பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். போகாதவர்களை ஜெயித்தேனா இல்லையா? வாழ்க்கையில் நான் எதிலும் ஒன்றாவது வந்ததில்லை, பள்ளிக்கூடத்தில் அம்மை போட்டதில்கூட இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை நடந்தது வருஷத்தின் கடைசி ஆட்டம் என்பதால் இதில் ஜெயிப்பவன் பையில்தான் பனி உருகும் வரை வில்லை தொங்கும். குளிர்காலம் முழுக்க க்ளிஃப்டன் அதைத் தன் சௌனா, அதாவது நீராவிக் குளியலறை, கதவில் மாட்டி, நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வியர்த்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால், அது எப்படிப்பட்ட வியர்வையாக இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

ஆட்டம் சமமாக முடிந்தது. வழக்கப்படி, நின்று எறிகிற ஒன்பதாம் திட்டிலிருந்து ஆளுக்கு மூன்று எறி, தூரம் போனவனுக்கு வில்லை. நீ எழுதி வைத்த விதிதான்: தட்டு எங்கே போய் ஓய்கிறதோ அதுவரை அளக்க வேண்டும், தட்டு கிடைக்காவிட்டால் அளவும் இல்லை. பழைய சரளைக்குழி மைதானத்தின் கோடியில், தட்டு விழும் இடம் பார்த்துச் சொல்ல, தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மெல்வின் கொடியோடு நின்றான். திட்டுக்கு வலது பக்கம் க்ளிஃப்டனின் பிக்கப் வண்டி, பின்னால் சௌனாவுக்கு வெட்டிய மேப்பிள் விறகோடு. உன் அத்தை பிளாஸ்க்கோடு ஒரு மடக்கு நாற்காலியில்.

க்ளிஃப்டன் அந்தப் பிஸ்கட் தட்டை எடுத்தான். ஓடவில்லை, உறுமவில்லை, பஸ்ஸுக்குக் கை காட்டுவது மாதிரி கையை வீசினான். மெல்வின் அளவுச் சக்கரத்தை உருட்டி அளந்து முந்நூற்று நாற்பதடி என்று கத்தினான். அவனுடைய மற்ற இரண்டு எறியும் அதற்குள்ளேயே அடக்கம். நான் எருமையை விட்டேன். கேட்காதே, தேவதாருவுக்குள் போய்ப் படுத்துவிட்டது. அடுத்து சீமாட்டி. அப்போதுதான் எதிர்க்காற்று கிளம்ப வேண்டுமா? கவிழ்ந்தாள், விளிம்பில் நின்று உருண்டாள், ஒரு பெரிய வட்டமடித்து, பெற்ற வீட்டுக்குத் திரும்புகிற பெண் மாதிரி எங்களை நோக்கியே வந்து உன் அத்தையின் பிளாஸ்க்கைத் தட்டிவிட்டாள்.

“ஏங்க, காபி வேணும்னா கேட்டா குடுக்க மாட்டேனா?” என்றாள் உன் அத்தை.

“மச்சான், அதைத் திருப்பி அளக்கணுமா? மைனஸ்ல வரும்,” என்றான் க்ளிஃப்டன்.

எனக்கு ரத்தம் காதுக்கு ஏறியது. ஆரஞ்சை எடுத்தேன். இலையுதிர் காலத்தில் ஆரஞ்சுத் தட்டு எறியாதே என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மைதானம் முழுக்க அதே நிறத்தில் மேப்பிள் இலை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தட்டு எனக்கு எதற்கு? ஐந்தடி ஓடினேன், இடுப்பைத் திருப்பினேன், என் முப்பாட்டன் பின்லாந்தில் கரடியை வாலைப் பிடித்துச் சுழற்றினானாமே, அந்த வேகம். கண்ணை மூடிக்கொண்டேன் என்று உன் அத்தை சொல்கிறாள், அது கவனம். எருமையையும் சீமாட்டியையும்விட ஆரஞ்சு கையில் அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருந்தான், பிரிய மனமில்லை போலிருக்கிறது. போனான். க்ளிஃப்டன் அந்த நேரம் பார்த்துப் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். எங்கேயோ ‘டொம்’ என்று ஒரு சத்தம்.

“வண்டிப் பக்கமால்ல கேட்டுது?” என்றாள் உன் அத்தை.

“காத்து கிழியற சத்தம் அது. ஜெட் விமானத்துக்கு வருமே, அது,” என்று விளக்கினேன்.

மைதானக் கோடியிலிருந்து மெல்வின், “எறிஞ்சாச்சா? எனக்கு ஒண்ணும் வரலையே!” என்று கத்தினான்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும், கார்லீன்? நானூறடியில் நிற்கிற மனிதன் தட்டைப் பார்க்கவே இல்லை என்றால், தட்டு அவன் தலைக்கு மேலே, அவன் கண் எட்டாத உயரத்தில் போயிருக்கிறது. இதைத்தான் விஞ்ஞானம் என்பது.

நாலு பேரும் இருட்டும் வரை இலையைக் கிளறினோம். மெல்வினுக்கு யாரோ தொலைத்த மூன்று தட்டு கிடைத்தது, எனக்கு ஒரு முள்ளம்பன்றி கிடைத்தது. ஆரஞ்சு இல்லை.

“என்ன மச்சான், ஏரியைத் தாண்டிக் கனடாவுக்கே போயிடுச்சா?” என்றான் க்ளிஃப்டன்.

“போயிருக்கும். அடியில பேரும் போன் நம்பரும் எழுதியிருக்கேன். எடுத்தவன் கூப்பிடுவான்.”

“கூப்பிட்டா இங்கிலீஷ்ல பேசுவானா, பிரெஞ்சுல பேசுவானா?”

“நீ உன் பூட்ஸைத் தூக்கிக் காமி முதல்ல.”

க்ளிஃப்டன் ஆரஞ்சை இலைக்கடியில் மிதித்து மறைத்தான் என்று நான் சொல்லவில்லை. அவன் பூட்ஸ் ரொம்பப் பெரிசு என்று மட்டும் சொல்கிறேன். ஆனாலும் விடைபெறும்போது அவன், “தட்டு கிடைக்கல, அளவு இல்ல, ஆனா கார்லீன் சொல்றதுதான் தீர்ப்பு, அதுவரைக்கும் வில்லை உன்கிட்டயே இருக்கட்டும் மச்சான்,” என்றான். குற்றமுள்ள மனசுதானே அப்படித் தாராளமாகப் பேசும்?

ஆகவே நீ தயவு தாட்சண்யம் பார்க்காமல், மாமன் என்றும் பார்க்காமல், மாமன் சொன்னபடி தீர்ப்பு எழுதி அனுப்பு. தட்டு கிடைக்கவில்லை என்பது தட்டின் குற்றமல்ல, தேடியவர்களின் குற்றம். நானூறடிக்குக் குறையாது என்று போடு. ஐந்நூறு என்று போட்டாலும் நான் மறுக்க மாட்டேன்.

உன் கட்டை விரலுக்கு வலுவும், உன் முதுகுக்குப் பின்னால் நல்ல காற்றும், உன் வீட்டுக்காரனுக்கு விளையாட்டில் ஆர்வமும் உண்டாகட்டும். உன் மாமியாருக்கு என் வணக்கம். அத்தை உனக்குப் புகைபோட்ட மீன் அனுப்புகிறாள், வழியில் நாயிடம் காட்டாதே.

இப்படிக்கு,
காற்றோடு பேசும் உன் மாமன்
ஆர்வில்

பின்குறிப்பு: உறையை நக்கி ஒட்டப் போகும்போது போன் அடித்தது. “பார்த்தியா லோர்னா, கனடா!” என்று எடுத்தேன். க்ளிஃப்டன்.

“மச்சான், உன் தட்டு கிடைச்சிருச்சு.”

“எங்கே?”

“என் சௌனா வாசல்ல. விறகு இறக்கிட்டிருந்தேன், கட்டையோட கட்டையா வந்து விழுந்துது. வண்டியில தகரம் ஒரு இடத்துல நசுங்கியிருக்கு.”

கையை விட்டுப் பிரிய மனமில்லாதவன் முன்னால் போகாமல் வலது பக்கம் பிய்த்துக்கொண்டு போய், இருபதடி தள்ளி நின்ற விறகு வண்டியில் ஏறிவிட்டிருக்கிறான். உன் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

“நான்தான் அன்னைக்கே வண்டிப் பக்கம்னு சொன்னேனே,” என்றாள். “நீங்க ஜெட்டுன்னீங்க.”

ஆகையால் மேலே எழுதியதில் பூட்ஸ் சம்பந்தப்பட்ட வரிகளை அடித்துவிட்டுப் படி. தகரம் நசுங்கியதற்கு க்ளிஃப்டன் சிரிக்கத்தான் செய்தான். நானே போய் வில்லையைக் கழற்றி அவன் பையில் மாட்டிவிட்டேன். மாட்டும்போது அவன் அந்தப் பிஸ்கட் தட்டை என் கையில் கொடுத்து, ஒரு தடவை எறிந்து பார் மச்சான் என்றான். எறிந்தேன். கார்லீன், நீ ஒன்பதே வாங்கு. எனக்கும் ஒன்று வாங்கு. நான் கேட்டதாக அவனிடம் சொல்லாதே.

ஆனால் விதி உன்னுடையது: தட்டு எங்கே போய் ஓய்கிறதோ அதுவரை. ஆரஞ்சு ஓய்ந்தது சௌனா வாசலில், ஒன்பதாம் திட்டிலிருந்து அது மூன்று மைல். வில்லை க்ளிஃப்டனிடமே இருக்கட்டும், நான் பேராசைக்காரன் இல்லை. சங்கத்துப் பலகையில் மட்டும் தூரத்தை ஒரு ஓரமாக எழுதி வை. சரியான அளவு நாளை சொல்கிறேன். காலையில் மெல்வினின் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிளம்புகிறேன். க்ளிஃப்டனும் கூட வருகிறான், வளைவில் நான் சக்கரத்தைக் கூடுதலாக உருட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள.