லூக்காவுக்கு லீவு

நகராட்சி அலுவலக அறையில் இருந்தவர்கள்: பிரிவுத் தலைவர் ராதிவோய், நாற்காலியில். பிறப்பு இறப்புப் பதிவு முகப்பில் உட்காரும் மிலுதின், நின்றபடி. தொழிற்சங்கப் பிரதிநிதி தெசாங்கா, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தபடி. காப்பியை வைத்துவிட்டுப் போக மனமில்லாத டிரைவர் போஷ்கோ. சன்னலோரம் ஒரு ரப்பர் செடி. அது மட்டும்தான் எந்தத் தரப்பிலும் இல்லை.

"லூக்காவா?" என்றார் ராதிவோய். "உங்க வீட்டு ஸ்லாவா நிக்கோலாதானேய்யா? போன வருஷம் அவருக்குத்தான லீவு எடுத்த?"

"ஆமாம் சார். இந்த வருஷம் லூக்கா."

"புனிதரை மாத்துறதுக்கு இது என்ன பற்பசையா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு புனிதர். அவருடைய நாள்தான் அந்த வீட்டு ஸ்லாவா. அன்று மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டும். அதற்காக அரசு ஊழியருக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆண்டு விடுப்பு என்பது மேலதிகாரி மனம் வைத்தால் கிடைப்பது. ஸ்லாவா விடுப்பு சட்டம். அதை மறுக்க யாராலும் முடியாது. ராதிவோய் மனம் வைத்து யாரும் பார்த்ததில்லை என்பதால், மிலுதினுக்கு மிச்சமிருந்தது புனிதர்கள்தான்.

"எந்தப் புனிதர்னு கேக்க உங்களுக்கு உரிமை கிடையாது சார்," என்றாள் தெசாங்கா.

"நான் உரிமையைப் பத்திப் பேசலம்மா. ஆச்சரியப்படுறேன். ஆச்சரியப்படலாம்ல?"

"படலாம். ஆனா அதை அவர் லீவுல காட்டக் கூடாது."

மிலுதினுக்கு வியர்த்தது. லூக்கா அவன் வீட்டுப் புனிதர் இல்லை. ஷ்லிவோவோ கிராமத்தில் லுபிங்கா வீட்டுப் புனிதர்.

லுபிங்கா வெளிநாட்டில், கிராட்ஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஸ்லாவாவுக்கு முந்தின நாள் வருவாள், ஸ்லாவா அன்று மத்தியானமே திரும்ப பஸ் ஏறிவிடுவாள். ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. அவள் பஸ் நிலையத்துக்குப் போனாள். அவன் அரசு வேலைத் தேர்வு எழுதப் போனான். தேர்ச்சியும் பெற்றான். அதற்குப் பிறகு அவள் கதவைத் தட்ட அவனிடம் ஒரு காரணமும் இல்லை.

ஆனால் ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும். வருகிறவனை ஏன் வந்தாய் என்று கேட்பது அந்த வீட்டுக்கே அவமானம். காரணம் கேட்காத ஒரே நாள் அது. அந்த நாளில்தான் அவன் வருஷா வருஷம் முகப்பில் உட்கார்ந்து, யாரோ பெற்ற பிள்ளைகளின் சான்றிதழ்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தான்.

"அத்தை வீடு எனக்கு வந்திருக்கு சார்," என்றான் மிலுதின். அப்படி ஓர் அத்தை இல்லை. "சொத்து வந்தா அந்த வீட்டுப் புனிதரும் கூடவே வருவாருல்ல. அவரை நடுத்தெருவுலயா விட முடியும்?"

ராதிவோய் யோசித்தார். அவருடைய சொந்தத் தாத்தாவே சொத்தாக வந்த ஒரு ஆலைக்காகக் கூடுதலாக ஒரு புனிதரைச் சுமந்தவர். மறுக்க வழியில்லை.

"சரி. வருஷத்துக்கு ஒரு ஸ்லாவாவுக்குத்தான் லீவு. நிக்கோலா அன்னைக்கு நீ வேலைக்கு வரணும்."

"வர்றேன் சார்."

"பாதி ஊருக்கு நிக்கோலாதான். ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இருக்காது. நீ மட்டும் தனியா உக்காந்திருக்கணும்."

"உக்காந்துக்கிறேன் சார்."

இதோடு முடிந்திருக்க வேண்டும். போஷ்கோதான் காப்பித் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டான்: "வீடு எந்த ஊர்லண்ணே?"

மிலுதினுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. வாயில் இருந்த ஒரே ஊரைச் சொன்னான். "ஷ்லிவோவோ."

"பக்கம்தான," என்றார் ராதிவோய். முகம் மலர்ந்தது. அவர் முகம் மலர்ந்தால் யாருக்கோ கெட்ட காலம். "புது வீடு, முதல் ஸ்லாவா. நாங்க வராம எப்படி?"

"ரோடு சரியில்ல சார்."

"நகராட்சி வேன் இருக்கு."

"அத்தை செத்து இன்னும் வருஷம் திரும்பல. பாட்டு கூத்து எதுவும் கிடையாது."

"துக்க வீட்டு ஸ்லாவாவுக்குப் போகாதவன் மனுஷனே இல்ல."

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை. நோன்பு. கறி கிடையாது, வெறும் மீன்தான்."

"மீனுக்காக நான் நடந்தே வருவேன்யா."

மிலுதின் தெசாங்காவைப் பரிதாபமாகப் பார்த்தான். அவள் அந்தப் பார்வையைத் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

"அப்ப நாங்க மட்டும் இங்க இருந்து என்ன பண்றது?" என்றாள். "ஒரு தொழிலாளியோட ஸ்லாவாவை மேலதிகாரி மட்டும் போய்க் கொண்டாடுறது பாரபட்சம். போனா மொத்தப் பிரிவும் போகணும்."

"அக்கா, போதும்க்கா," என்றான் மிலுதின்.

"சும்மா இரு தம்பி. உரிமையைப் பாதியில விடக் கூடாது."

ராதிவோய்க்கு வீம்பு. மொத்தப் பிரிவையும் அன்று மூடுவதாகச் சொல்லிவிட்டார். அதுவரை அவர் யாருக்கும் இவ்வளவு கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை மிலுதின் கிராமத்து பஸ்ஸில் ஏறினான். தேய்த்த சட்டை, ஒரு பாட்டில் ஒயின், வெட்டுக்காயத்தோடு மழித்த முகம். மற்றவர்கள் வருவதற்குள் லுபிங்காவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். என்ன வார்த்தை என்பது இன்னும் முடிவாகவில்லை. பிறகு ரோட்டுக்கு ஓடிப்போய் வேனை மறித்து, அத்தைக்கு இன்னொரு வாரிசு முளைத்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். பஸ்ஸில் யோசிக்கும்போது இது ஒரு திட்டம் போலத்தான் இருந்தது.

லுபிங்காவின் வீடு ஊரின் கடைசி. கதவு திறந்திருந்தது. உள்ளே நீள மேசை, நடுவில் தடித்த மெழுகுவர்த்தி, சிலுவை பதித்த வட்ட ரொட்டி. மூன்று கிழவர்கள் ஏற்கனவே உட்கார்ந்து மீனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரன் கட்டிய தடித்த பெண்மணி ஒருத்தி அடுப்படியிலிருந்து வந்தாள். ஸ்தாமெனா, பக்கத்து வீட்டுக்காரி, வருஷம் முழுக்க இந்த வீட்டின் சாவியை வைத்திருப்பவள்.

"ஸ்லாவா சிறக்கட்டும்," என்றான் மிலுதின்.

"உனக்கும் நல்லது நடக்கட்டும். வா, வா." இனிப்புச் சேர்த்து வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் ஊட்டினாள். யாரென்று கேட்கவில்லை. அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது. அடுப்படிக் கழுவுதொட்டியில் ஒரு காப்பிக் கோப்பை, விளிம்பில் சிவப்புச் சாயம். ஸ்தாமெனா உதட்டுக்குச் சாயம் பூசுகிறவள் இல்லை. அவன் கோதுமையை விழுங்கினான். கேட்க வாயைத் திறந்தான்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

ராதிவோய்க்கு மீன் என்றால் அவ்வளவு பசி. ஆபீஸ் நேரத்துக்கு ஒருநாளும் வராதவர் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். உள்ளே நுழைந்து மிலுதினைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். "வீட்டுக்காரா, ஸ்லாவா சிறக்கட்டும்."

கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்தாமெனாவும் பார்த்தாள். ஒரு நொடி அந்த வீட்டில் எல்லாமே முடிந்துபோனதாக மிலுதினுக்குத் தோன்றியது. பிறகு அவள் மேசையிலிருந்த ரக்கியா சாராய பாட்டிலை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"நிக்கிறியே, ஊத்து," என்றாள்.

ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. மிலுதின் ஊற்றினான். ரொட்டியைச் சுழற்றினான், வெட்டினான், மேலே ஒயின் தெளித்தான். மீன் தட்டு சுமந்தான். ஊர்க்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவனை முன்பின் பார்த்திராத எல்லோரும் வீட்டுக்காரா என்றார்கள். பாட்டில் வைத்திருப்பவன் வீட்டுக்காரன், அவர்களுக்கு அது போதும். ஒவ்வொரு முறை வாசல் இருண்டபோதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ.

அவன் இங்கே வந்ததே ஒரு கேள்வியோடு. லுபிங்கா எங்கே. ஆனால் இது அவன் வீடு. அவன் வீட்டில் யார் எங்கே என்று அவனே கேட்க முடியாது. அடுப்படிப் பக்கம் நகர்ந்தால் ராதிவோய் பின்னாலேயே வந்தார்.

"கக்கூஸ் எங்கய்யா?"

மிலுதின் நம்பிக்கையோடு ஒரு கதவைத் திறந்தான். உள்ளே ஊறுகாய் ஜாடிகள்.

"முதல்ல இதைப் பாருங்க சார். மிளகாய் இந்த வருஷம் நல்லா வந்திருக்கு."

"பாத்துட்டேன். கக்கூஸ்?"

"கொல்லைப்பக்கம்," என்று உள்ளிருந்து ஸ்தாமெனா குரல் கொடுத்தாள்.

திரும்பி வந்த ராதிவோய் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஓர் இளம்பெண்.

"யாரு இது?"

"சொந்தம் சார்."

"அழகா இருக்கா. கல்யாணம் ஆயிடுச்சா?"

மிலுதின் பாட்டிலைப் பார்த்தான். "தெரியல சார்."

"என்னய்யா இது? சொந்தக்காரிக்குக் கல்யாணம் ஆச்சான்னு தெரியாதா?"

"குடும்ப விஷயம் கேக்க மேலதிகாரிக்கு உரிமை கிடையாது," என்றாள் தெசாங்கா, வாய் நிறைய மீனோடு.

அந்த சைக்கிளை அவனுக்குத் தெரியும். செயின் அடிக்கடி கழன்றுவிடும். கிரீஸ் ஒட்டிய விரல்களால் அவன் சட்டையைத் தொட்டு, கறை பட்டுவிட்டது என்று அவள்தான் சிரித்தாள். அவன் நகர்ந்து போய் யாருக்கோ ஊற்றினான்.

தேவாலயத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அவள் இல்லை. கிராட்ஸ் பஸ்ஸின் நேரம் நெருங்கியது. தொட்டியிலிருந்த கோப்பையை யாரோ கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். பஸ்ஸின் நேரம் தாண்டியது. மிலுதினின் முழங்கால்கள் மரத்திருந்தன. முகப்பில் அவன் ஒரு நாளும் இவ்வளவு பேரைக் கவனித்ததில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ராதிவோய் எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன. ரக்கியாவும் காரணம்.

"மிலுதின், உண்மையைச் சொல்றேன். நீ ஏமாத்துறன்னு நினைச்சேன். கையும் களவுமா பிடிச்சு, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கணும்னுதான் வந்தேன்."

"சார்."

"மன்னிச்சுக்க. இப்படி ஒரு ஸ்லாவாவை நான் பாத்ததில்ல. காலைலேர்ந்து நீ ஒரு நிமிஷம் உக்காரல. இனிமே உன் ஆயுசு முழுக்க லூக்காவுக்கு லீவு. எவன் கேக்குறான்னு பாக்குறேன்."

தெசாங்கா மிலுதினின் கையைக் குலுக்கினாள். "போராடினா கிடைக்கும்னு சொன்னேன்ல?"

"வாண்ணே, வண்டில இடம் இருக்கு," என்றான் போஷ்கோ.

"வீட்டுக்காரன் எப்படிடா வருவான்?" என்று அவன் தலையில் ஒன்று வைத்தார் ராதிவோய்.

வேன் போனது. கடைசிக் கிழவரும் தடியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். ஸ்தாமெனா மெழுகுவர்த்தியை ஒயின் சொட்டால் அணைத்தாள், நாற்காலிகளை மேசைக்குள் தள்ளினாள், மிலுதினின் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீ யாருன்னு கேக்க மாட்டேன்," என்றாள். "ஊத்த ஒரு ஆம்பளைக் கை வேணும்னு இருந்தேன். கடவுள் அனுப்பினாரு. நல்லா ஊத்தின."

மிலுதின் வாசற்படியில் நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டான். ஒரு பொத்தானுக்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

"லுபிங்கா இந்த வருஷம் வரலையாக்கா?"

"வந்தாளே. விடிஞ்சதும் டவுனுக்குப் போயிட்டா. விருந்தாளி வர்ற நாள்ல எங்கடி போறன்னு திட்டினேன். 'வருஷா வருஷம் வாசலைப் பாத்து உக்காந்ததுதான் மிச்சம்க்கா. அந்த ஆளு நகராட்சில இருக்காரு, லூக்காவுக்கு அவருக்கு லீவு கிடையாது, நானே போய்ப் பாத்துடறேன்'னா."

மிலுதினின் கை பொத்தானிலேயே நின்றது. ஸ்தாமெனா சாவியை ஏப்ரன் பையில் துழாவினாள்.

"மத்தியானம் போன் பண்ணா. ஆபீஸே பூட்டிக் கிடக்காம். அந்த ஆளு வீட்ல ஸ்லாவாவாம், மொத்தப் பேரும் அங்க சாப்பிடப் போயிட்டாங்கன்னு வாட்ச்மேன் சொன்னானாம். 'போகட்டும்க்கா, அவருக்குன்னு ஒரு வீடு அமைஞ்சிருக்கே'ன்னுட்டு அப்படியே கிராட்ஸ் பஸ் ஏறிட்டா."

அவள் கதவைச் சாத்தினாள். பூட்டுக்குள் சாவி இரண்டு முறை திரும்பியது.