மூன்று பேர் போட்டோ

நின்றது மூன்று பேர். கேமராவில் விழுந்திருந்தது நாலு பேர்.

கிட்டுசாமி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினார். இடது பக்கம் அவர். வலது பக்கம் மனைவி நாகமணி. நடுவில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் சான் ஹோசே கல்லூரியில் பட்டதாரியான மகள் வான்மதி. அதுவரை கணக்கு சரி. மகளின் தோளுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, ஒரு மரத்தடியில், சந்தன நிறச் சேலையில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாக்காளர் அட்டைக்குப் படம் எடுப்பது போலச் சிரிக்காமல், கேமராவையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் வெள்ளையாக ஒரு சின்னச் சதுரம்.

சட்டென்று திரும்பிப் பார்த்தார். மரத்தடி காலியாக இருந்தது. கூட்டமெல்லாம் தொலைவில், ஸ்டேடியம் வாசலில் பூங்கொத்தும் பலூனுமாக அலைந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, நல்லா வந்துச்சா?" என்றாள் நாகமணி, போனில் எதையோ தட்டியபடியே.

"வந்துச்சு. கொஞ்சம் அதிகமாவே வந்துச்சு."

இந்த நாலாவது ஆளைப் பற்றி அவர் இவ்வளவு கலங்குவதற்கு ஒரு காரணம் இருந்தது.

மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பது நாகமணியின் பயம். யாரோ சொல்லிக் கேட்டு வந்த பயம் இல்லை. பெருந்துறையில் அவளுக்கு ஒன்பது வயதானபோது அப்பா நடுவிலும், அம்மாவும் அவளும் இரண்டு பக்கமுமாக ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். படம் கழுவிக் கைக்கு வருவதற்குள் அப்பா போய்விட்டார். அதே படத்திலிருந்து அப்பாவை மட்டும் தனியே எடுத்துப் பெரிதாக்கித்தான் மாலை போட்டார்கள்.

அப்படிப்பட்டவள் அமெரிக்காவில் ஃப்ரீமான்டுக்கு வந்து ஒரே பெண்ணைப் பெற்றாள். இனி எப்போது நின்றாலும் மூன்று பேர்தான். அதனால் அந்த வீட்டில் யாராவது ஒரு வெளியாள் இல்லாமல் போட்டோ கிடையாது. வான்மதியின் முதல் பிறந்த நாள் படத்தில், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் தலையில் காகிதத் தொப்பியோடு நிற்கிறார். கிராண்ட் கேன்யன் படத்தில் முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன்காரர் கிட்டுசாமியின் தோளில் கை போட்டிருக்கிறார். வீடு வாங்கிய அன்று எடுத்த படத்தில், தபால் கொடுக்க வந்தவர் சாவியைப் பிடித்திருக்கிறார்.

எட்டாம் வகுப்பு விழாவில் வான்மதி அழுதேவிட்டாள். "அம்மா, நோ மோர் ஸ்ட்ரேஞ்சர்ஸ், ப்ளீஸ்!"

அன்றோடு நாகமணி யாரையும் கையைப் பிடித்து இழுத்து வருவதை நிறுத்திக்கொண்டாள். மூன்று பேராக நிற்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் வந்து நின்றாள். மனைவி திருந்திவிட்டாள் என்று கிட்டுசாமி அலுவலகம் முழுக்கப் பீற்றிக்கொண்டார். அவருக்குச் சாமி, பேய் இரண்டிலுமே நம்பிக்கை இல்லை. கோயிலுக்குப் போனால்கூட நாகமணி உள்ளே மடப்பள்ளியில் வெண்பொங்கல் கிண்டுவாள். அவர் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டுவார்.

திங்கட்கிழமை வான்மதி வேலைக்காக பாஸ்டன் போகிறாள். பட்டமளிப்புக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு அவள் கார் கேட்கவில்லை. "ஒரே ஒரு போட்டோ, அப்பா. என் டெஸ்க்ல வைக்க. ஜஸ்ட் த த்ரீ ஆஃப் அஸ்," என்றாள். அதற்காக ஒரு மர ஃப்ரேமும் வாங்கிப் பையில் வைத்திருந்தாள். ஃப்ரேம் இன்னும் காலியாக இருந்தது.

"பின்னாடி ஆள் நிக்கவே இடமில்லாத இடமாப் பாப்போம்," என்று கிட்டுசாமி இருவரையும் நூலகத்தின் செங்கல் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். அலுவலக நண்பன் சபரியிடம் இரவல் வாங்கிய பெரிய கேமராவை முக்காலியில் பூட்டினார்.

"ஒரு நிமிஷம் இருங்க. கோயில் குரூப்புல மெசேஜ் வந்துருக்குது," என்றாள் நாகமணி.

அவள் தட்டி முடித்ததும் டைமரை அழுத்திவிட்டு ஓடி வந்து நின்றார். முதுகு சுவரில் இடித்தது. கேமரா பத்து முறை சிமிட்டிவிட்டுக் கிளிக் என்றது.

படத்தில் அவர் தலைக்கு மேல் ஒரு ஜன்னல். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சந்தனச் சேலை. அதே தொங்கவிட்ட கைகள், அதே பார்வை.

கிட்டுசாமி நூலகத்துக்குள் ஓடினார். நீளமான மேசைகளும் கவிழ்த்து வைத்த நாற்காலிகளும் இருந்தன. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஆள் என்று ஒருவரும் இல்லை. ஜன்னலருகே மட்டும் லேசாக மல்லிகைப்பூ வாசம் வந்தது. சான் ஹோசேயில், நூலகத்துக்குள், மல்லிகைப்பூ. வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

யாருக்கும் கேட்காமல் தள்ளிப் போய் சபரிக்குப் போன் போட்டார்.

"சபரி, இந்த கேமரா புதுசுதான?"

"இல்லீங்கண்ணா. எங்க மாமனாரோடது. போன வருஷம் தவறிட்டாருல்ல, அவரோடதுதான். ஏனுங்கண்ணா, அதுல ஏதாச்சும் தெரியுதா?"

"ஒரு பொம்பளை தெரியுது சபரி."

அந்தப் பக்கம் சபரி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணா, இதை எங்க மாமியார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க," என்று சபரி போனை வைத்துவிட்டான்.

கேமராதான் வில்லங்கம் என்று அதை உறையில் போட்டு மூடினார் கிட்டுசாமி. வழியில் போன ஒரு மாணவனிடம் தன் போனைக் கொடுத்து, வரிசையாக நின்ற பனை மரங்களுக்கு முன்னால் ஒரு படம் எடுக்கச் சொன்னார். நாகமணி தன் போனைப் பார்த்துவிட்டு, "இந்த மரத்துக்கிட்ட வேண்டாம், அந்தக் கடைசி மரத்துக்கிட்ட நிக்கலாமுங்க, வெளிச்சம் நல்லாருக்குது," என்றாள். கடைசி மரத்தடிக்குப் போய் நின்றார்கள். மாணவன் மூன்று படம் எடுத்துக் கொடுத்தான்.

மூன்றிலும் அவள் இருந்தாள். பாதி உடம்பு மரத்துக்குப் பின்னால். முகம் மட்டும் முழுசாக வெளியே.

"தம்பி, எங்களுக்குப் பின்னாடி ஒரு லேடி நின்னாங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வாட் லேடி?" என்று அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

வான்மதி போனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். அவள் புருவம் நெரிந்தது. "அப்பா, ஐ நோ திஸ் ஃபேஸ்." தன் போனை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஹைஸ்கூல் பட்டமளிப்பு: ஜிம் கதவோரம் சந்தனச் சேலை. கல்லூரி விடுதியில் கொண்டுவிட்ட நாள்: அவர்கள் காருக்குப் பின்னால் சந்தனச் சேலை. லேக் டாஹோவில் பனி: வெள்ளைக்கு நடுவில் சந்தனம், மேலே ஒரு ஸ்வெட்டர். எல்லாவற்றிலும் அதே முகம், நெஞ்சில் அதே வெள்ளைச் சதுரம், கேமராவைவிட்டு விலகாத அதே கண்கள்.

"எவ்ரி சிங்கிள் ஒன், அப்பா," என்றாள். "அப்ப நாம மூணு பேர் மட்டும் இருக்கற போட்டோ ஒண்ணுகூட இல்லையா? என் ஃபுல் லைஃப்ல?"

மத்தியான வெயிலில் கிட்டுசாமியின் கைமயிர் சிலிர்த்து நின்றது. ஐம்பத்திரண்டு வருஷம் பகுத்தறிவோடு வாழ்ந்த மனுஷன். மனைவி பக்கம் திரும்பினார்.

"நாகு, உங்க சொந்தத்துல இப்படி யாராச்சும்..."

"கூட்டத்துல யாரோ நிப்பாங்க, விடுங்க," என்றாள் நாகமணி. குரலில் பதற்றமே இல்லை. "பேயாவே இருந்தாலும் பாவம், நம்மள என்ன பண்ணுச்சு? எட்டு வருஷமா நல்லாத்தான இருக்கறோம்?"

பேய்க்குப் பரிந்து பேசுகிற மனைவியை அவர் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வையிலும் கொஞ்சம் பயம் இருந்தது.

"வெயிட், ஐ கேன் இரேஸ் ஹர்," என்றாள் வான்மதி. வேண்டாத ஆளை விரலால் தடவினால் போன் அழித்துவிடும். பனை மரப் படத்தைத் திறந்து அந்தச் சேலையின் மேல் கவனமாகத் தடவினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றி நின்றது.

கிட்டுசாமி காணாமல் போயிருந்தார்.

அவர் நின்ற இடத்தில் புல் இருந்தது. மகளும் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சந்தனச் சேலைக்காரி மட்டும் முன்னைவிடத் துலக்கமாக, அவர்கள் குடும்பத்தில் ஒருத்தி போல நின்றாள்.

"இட்ஸ் ஜஸ்ட் எ பக், அப்பா," என்றாள் வான்மதி. ஆனால் அவளும் போனைப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் கண்ணு. இன்னைக்கு வேண்டாம். வீட்டுக்குப் போயிரலாம்."

"திங்கட்கிழமை நான் போயிருவேன், அப்பா." அவள் பையைத் திறந்து ஃப்ரேமை அடியில் தள்ளி ஜிப்பை இழுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களோடெல்லாம் போட்டோவில் நின்ற பிள்ளை, கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்க முடியாமல் அனுப்பப் போகிறோம் என்று நினைத்ததும் அவர் கார் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க கார்ல," என்றார்.

பார்க்கிங் கட்டடத்தின் உச்சி மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஐந்தாவது தளம். மொட்டை மாடி. இவர்கள் காரைத் தவிர அங்கே ஒரு வண்டி இல்லை. சுற்றிலும் கைப்பிடிச் சுவர், மேலே வானம், ஒரு மூலையில் லிஃப்ட்டின் மூடிய கதவு. மூச்சுவிட்டால் கேட்கிற அமைதி.

"இங்க எவ வர்றான்னு பாக்கறேன்," என்று முக்காலியை நட்டு, கேமராவை உறையிலிருந்து எடுத்துப் பூட்டினார். பகுத்தறிவு கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

நாகமணி போனை உலுக்கினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஏனுங்க, சார்ஜ் போயிருச்சு."

"போனா போகுது."

"இல்லீங்க, கீழயே போயிரலாமுங்க. இங்க நம்மளத் தவிர யாருமே இல்லீங்களே!"

"அதுக்குத்தான வந்துருக்கறோம்!"

பேய் வந்தபோதெல்லாம் தைரியமாக இருந்தவள், பேய் இல்லாத இடத்தில் இப்படி நடுங்குகிறாளே என்று அவருக்கு விளங்கவில்லை. டைமரை அழுத்திவிட்டு ஓடினார்.

கேமரா சிமிட்டத் தொடங்கியது. நடுவில் வான்மதி சிரித்துக்கொண்டு நின்றாள். நடுவில். பெருந்துறை ஸ்டுடியோப் படமும் மாலையும் கிட்டுசாமியின் கண் முன்னால் வந்து நின்றன.

"கண்ணு, நீ இந்தப் பக்கம் வா. நான் நடுவுல நிக்கறேன்," என்று அவளைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, நீங்க நிக்க வேண்டாம்!" நாகமணி பாய்ந்து வந்தாள். "தள்ளுங்க, நான் நிக்கறேன் நடுவுல."

"உனக்கு அறிவிருக்குதா? போ அந்தப் பக்கம்."

"எனக்கு ஒண்ணும் ஆவாது, நீங்க போங்க!"

"ஆனா ஆகட்டும், எனக்குத்தான ஆகும், நகரு நாகு!"

இரண்டு பேரும் தோளால் தோளை இடித்துக்கொண்டார்கள். வான்மதிக்கு அப்போதுதான் புரிந்தது. பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக, "நோ! நான்தான் நடுவுல! ஐ ஆம் த மிடில்!" என்று கத்திக்கொண்டு இருவருக்கும் இடையில் தலையை நுழைத்தாள். தொப்பி பறந்தது. நாகமணியின் முந்தானை கிட்டுசாமியின் மூக்குக்கண்ணாடியில் சிக்கியது. எங்கோ டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. கேமரா கிளிக் என்றது.

ஓடிப் போய்ப் பார்த்தார்கள். படத்தில் ஆறு கைகளும் மூன்று தலைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நடுவில் நிற்பது யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

"திஸ் ஒன், அப்பா. இதுதான் ஃப்ரேமுக்கு," என்று வான்மதி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கிட்டுசாமியின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடுதான் படத்தின் மூலையைப் பார்த்தார்.

லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே சந்தனச் சேலை.

அவர் மெதுவாகத் திரும்பினார். இந்த முறை அது மறையவில்லை. வெயிலில் நிழல் விழ, செருப்புத் தேய, மல்லிகைப்பூ வாசத்தோடு அவர்களை நோக்கி நடந்து வந்தது. அவர் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். அருகில் வர வர நெஞ்சிலிருந்த வெள்ளைச் சதுரத்தில் எழுத்துகள் தெரிந்தன. கோயில் மடப்பள்ளியில் சேவை செய்பவர்கள் குத்திக்கொள்கிற அட்டை. 'நாகலக்ஷ்மி' என்று எழுதியிருந்தது. நாகமணி தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றாள். "ஏன் நாகமணி, மாடிக்குப் போறதுன்னா ஒரு மெசேஜ் போடக் கூடாதா? உங்க கார் மேல ஏறுனதப் பாத்துத்தான் ஓடி வந்தேன். கீழ இன்னும் நாலு குடும்பம் மூணு மூணு பேரா நின்னுக்கிட்டு, நான் பின்னாடி வந்து நின்னாத்தான் போட்டோவே எடுப்போம்னு காத்துக்கிட்டு இருக்குது!"