பையர் பாத்ரூமும் நாலு துண்டு பிரெட்டும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூரில் எந்தக் கம்பெனிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும், எதில் பதினொரு மணிக்கு மேல் தண்ணீர் வராது என்ற விவரமெல்லாம் எனக்கு அத்துப்படி. என் வயதுப் பெண்கள் எந்தக் கடையில் என்ன சேலை வந்திருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். எனக்கு வாய்த்த ஞானம் இதுதான்.

காரணம் என் வயிறு. இருபதாவது வயதில் ஆரம்பித்தது. சாப்பிட்ட சற்று நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்பும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணியோசை கேட்கும். அப்புறம் நான் ஓட வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தது. சுடிதார்களை அம்மா பிடித்துப் பிடித்துத் தைத்ததில் துணியைவிடத் தையல்தான் அதிகம் இருந்தது.

நான்கு வருடத்தில் நான்கு டாக்டர்களைப் பார்த்தோம். முதலாமவர், "சூட்டு உடம்பு" என்றார். இரண்டாமவர், "வெறும் கேஸ்" என்றார். (ஆமாம், வெறும் கேஸ். அவருக்கென்ன, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வேண்டியவரா அவர்?) மூன்றாமவர் என் வயிற்றைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவை வைத்துக்கொண்டே, "ஏம்மா, லவ் கிவ் ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். அடுத்த ஒரு மாதம் அம்மா என் செல்போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். நான்காமவர் மருந்தே எழுதவில்லை.

"டென்ஷன்தான். கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிரும்" என்றார்.

"வயித்துக்குங்களா?" என்று அம்மா சந்தேகமாகக் கேட்டார்.

நால்வருக்கும் நாலு அபிப்பிராயம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அபார ஒற்றுமை. "வயித்துக்கு லேசா ஏதாச்சும் குடுங்க. பிரெட் குடுங்க." அப்படியே நடந்தது. நல்லூரில் எங்கள் வீதி முனை பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தாலே கேட்காமல் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். வயிறு கெட்டால் பிரெட். பிரெட் சாப்பிட்டும் கெட்டால் இன்னும் கொஞ்சம் பிரெட். நானும் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டேன். எனக்கு அப்போது மூளை இருந்த இடத்திலும் பிரெட்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த நாளில் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற பையருக்கு, "நாளைக்கு அனுப்பிவிடுகிறோம்" என்று தினமும் மெயில் போடுகிற உத்தியோகம். ஒருநாள் அந்தப் பையரிடமிருந்து எங்களுக்கு ஒரு மெயில் வந்தது. ஆர்டர் தருவதற்கு முன், ஆட்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று ஆடிட் செய்ய ஒரு அம்மா வருகிறாராம். தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் பார்ப்பாராம். பாஸானால் அரை வருடத்துக்கு வேலை. ஃபெயிலானால் பனியன் வேறு கம்பெனிக்குப் போய்விடும், முன்னூறு பேர் சும்மா உட்கார வேண்டியதுதான்.

மெயிலின் கடைசியில் ஒரு வரி. வருகிறவர் உடல்நலக் காரணங்களுக்காகக் கோதுமை, மைதா சேர்ந்த எதையும் தொடமாட்டார். வெறும் அரிசி உணவு போதும்.

எங்கள் மேனேஜர் நாச்சிமுத்து அண்ணனுக்கு அதை நான்தான் படித்துச் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார்.

"கோதுமை வேண்டாங்கறாங்களா? ஏதோ வேண்டுதலாட்டம் இருக்குது கண்ணு. நம்ம சனம் சனிக்கெழம கறி திங்காத மாதிரி."

"இருக்குமுங்ணா" என்றேன். அப்போது என் இடது கையில் பாதி கடித்த பன் இருந்தது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அது நான்தான். என்னைக் காப்பாற்ற வேண்டிய வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, மீதி பன்னையும் தின்று முடித்தேன்.

ஆடிட்டுக்கு முந்தின வாரம் கம்பெனி கல்யாண வீடானது. கழிப்பறைகளுக்கு வெள்ளையடித்து, கண்ணாடி மாட்டி, வாசனை சோப்புத் தண்ணீர் வைத்தார்கள். நாச்சிமுத்து அண்ணன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எங்க ஊட்டுல கூட இப்பிடி இல்லீங்க" என்று பூரித்தார். அந்தப் பூரிப்பில்தான் அந்த யோசனை உதித்தது. ஆடிட் அன்று காலை மூன்று கழிப்பறைக்கும் மூன்று பூட்டு.

"அந்தம்மா வந்து பாக்கற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. எல்லாரும் ஊட்டுலயே முடிச்சுட்டு வந்துருங்க. அரை நாள் அடக்குனா அரை வருசத்துக்கு வேலை!" என்று அறிவித்துவிட்டு, சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த அம்மாவை அழைத்துவரக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார்.

நானோ முக்கியமான நாளாயிற்றே, வயிறு படுத்தக் கூடாதே என்று டாக்டர் சொற்படி அன்று காலை நாலு துண்டு பிரெட் சாப்பிட்டிருந்தேன். போதாதோ என்று டீ நேரத்தில் ஒரு மைதா வர்க்கி வேறு.

பத்தரைக்கு மணியோசை கேட்டது.

பூட்டின கதவுகளுக்கு முன்னால், துப்புரவு வேலை பார்க்கும் செல்வி அக்கா ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஏட்டி, என்ன மொகமெல்லாம் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"அக்கா, சாவி..."

"சாவி அவரு சட்டப் பையில ஏர்போர்ட்டுக்குப் போயிட்டுல்லா!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம். எதிரே, சாம்பிள் ரூமை ஒட்டி, பையர் பாத்ரூம். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று கட்டியது. எம்.டி.யே தயங்கித்தான் போவார் என்று கேள்வி. அதற்கு மட்டும் பூட்டுப் போடவில்லை. அங்கே நுழைகிற தைரியம் யாருக்கும் வராது என்ற நம்பிக்கைதான்.

"ஓடுட்டி! நான் பாத்துக்கிடுதேன்" என்றார் செல்வி அக்கா.

ஓடினேன். உள்ளே போய்த் தாழ் போட்ட அந்த நிமிஷம் நான் அடைந்த நிம்மதியை அதற்கப்புறம் என் கல்யாணத்தன்றுகூட அடைந்ததில்லை. ஆனால் பிரெட் என்னை லேசில் விடுவதாக இல்லை. கால் மணி போனது, அரை மணி போனது. வெளியே கார் ஹாரன் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் வயிறு, "உட்காருடி" என்றது.

ஏர்போர்ட்டிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்த ஒரு மனுஷிக்கு இறங்கியதும் முதலில் என்ன தேவைப்படும்? ஆடிட்டுக்காக நாங்கள் போட்டிருந்த ஏழு பக்க ஏற்பாட்டுப் பட்டியலில் இதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. செருப்புச் சத்தம் நேராக என் கதவுக்கு வந்தது.

"திஸ் இஸ் பையர் பாத்ரூம் மேடம். வெரி கிளீன்!" என்றது நாச்சிமுத்து அண்ணனின் பெருமைக் குரல். கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை. குரல் சட்டென்று தமிழுக்கு மாறியது.

"உள்ள யாருங்க?"

"நான்தானுங்ணா. வளர்மதி."

"கண்ணு, வெளிய வா. மேடம் வந்துட்டாங்க."

"முடியாதுங்ணா."

நான்கு வருடத்தில் என் நோயைப் பற்றி யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. வெளியே அண்ணன் ஆங்கிலத்தில் ஏதோ சமாளித்தார். பிறகு அந்த அம்மா, பரவாயில்லை, தொழிலாளர்கள் பயன்படுத்தும் கழிப்பறைக்கே போகிறேன், எப்படியும் பார்க்க வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்து நடந்தது செல்வி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மா கண்ணெதிரே நாச்சிமுத்து அண்ணன் சட்டைப் பையில் கை விட்டு, சாவி வளையத்தை எடுத்து, வேர்த்து விறுவிறுத்து, எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டாராம். ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டதற்கு, "ஃபார் சேஃப்டி மேடம்" என்றாராம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. நான் மட்டும் அந்தப் பாத்ரூமில் இல்லாமல் இருந்திருந்தால் பூட்டுகளைச் சத்தமில்லாமல் கழற்றியிருக்கலாம். முன்னூறு பேர் வேலைக்கு என் வயிறு உலை வைத்துவிட்டது.

மத்தியானம், ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கும் நேரம். அந்த அம்மா முதலில் கேட்டது, "அந்தப் பாத்ரூம் பெண்ணை அனுப்புங்கள்."

நாச்சிமுத்து அண்ணன் வாசலில் என்னை மறித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பாவம், அவர் கும்பிடாத குறையாக நின்றார். "கண்ணு, எப்பவும் தெறந்துதான் இருக்குதுன்னு சொல்லீரு. முன்னூறு ஊட்டு அடுப்பு உன்ற வாயில இருக்குது."

அந்த அம்மாவின் பெயர் இங்க்ரிட். ஐம்பது வயதிருக்கும். முன்னால் பிளேட்டில் கேக், பஃப்ஸ் எல்லாம் அப்படியே இருந்தன. வாழைப்பழத் தோல் மட்டும் கிடந்தது. எங்களுக்குள் நடந்தது ஆங்கிலம். என் பங்குக்கு நான் பேசியதை ஆங்கிலம் என்று சொல்வது என் பெருந்தன்மை.

"கழிப்பறைகளைத் தினமும் பூட்டுவார்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "இல்லை, இன்று மட்டும்தான். நீங்கள் பார்க்கும்போது சுத்தமாக இருக்க வேண்டும் என்று எங்களை விடவில்லை" என்றேன்.

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "நீ மட்டும் ஏன் அவ்வளவு நேரம் அங்கே இருந்தாய்?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. நாலு வருடம், நாலு டாக்டர், சூடு, கேஸ், லவ், கல்யாணம் என்று தெரிந்த வார்த்தையை எல்லாம் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு முறைகூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "என்ன சாப்பிடச் சொன்னார்கள்?" என்றார்.

"பிரெட்."

பேனாவைக் கீழே வைத்தார். "இன்று காலை?"

"பிரெட். நாலு துண்டு. அப்புறம் வர்க்கி."

அவர் தன் பையைத் திறந்து, அரிசியில் செய்த வட்ட பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருக்கும் இதே வயிறுதானாம். பதினோரு வருடம் அவர் ஊர் டாக்டர்களும் நரம்புத் தளர்ச்சி, மனக்கவலை என்று சொல்லி அலைக்கழித்தார்களாம். கோதுமைதான் எதிரி என்று பிறகுதான் தெரிந்ததாம். "எங்கள் ஊரிலும் ஒருவர் கல்யாணம் செய்துகொள் என்றார். செய்தேன். இரண்டும் சரியாகவில்லை" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். நான் சொன்னதை ஒருவர் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை. எங்கள் குற்றங்குறைகளை எழுதி வைத்திருந்த அதே நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நோயின் பெயர், எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையின் பெயர் இரண்டையும் எழுதித் தந்தார். சோதனை முடியும்வரை உணவை மாற்றாதே, மாற்றினால் சோதனையில் தெரியாமல் போகலாம் என்றும் சொன்னார்.

ஆடிட்டில் கம்பெனிக்கு ஒரு பெரிய குறை எழுதினார்: கழிப்பறையைப் பூட்டியது. ஆனால் ஃபெயில் போடவில்லை. சரிசெய்ய ஒரு மாதம் தந்தார். தொழிலாளி பயமில்லாமல் உண்மை சொன்னதை நல்ல விஷயமாக அதே ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார். (பயமில்லாமலா? என் முட்டி அடித்துக்கொண்டது மேஜைக்கடியில் அவருக்குத் தெரியவில்லை போல.) ஒரு மாதம் கழித்து ஆர்டர் வந்துவிட்டது. மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்த நாச்சிமுத்து அண்ணன், ஆர்டர் வந்த அன்று எனக்கு மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார்.

கோயமுத்தூரில் சோதனை எடுத்தோம். குழாய் விட்டும் பார்த்தார்கள். இங்க்ரிட் சொன்னதேதான். கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. கட்டிப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பார்கள் என்று கேட்டு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு வருசமா எம்புள்ளைக்கு நானே வெச்சுக் குடுத்திருக்கேனே!" என்று அன்று அழுதவர், ஆறே மாதத்தில் என் சுடிதார் தையலையெல்லாம் சிரித்துக்கொண்டே பிரித்தார்.

விட்டாரா அம்மா? ரிப்போர்ட்டோடு என்னை நான்காம் டாக்டரிடம் இழுத்துப் போனார். அவர் அதை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேனே, சாப்பாட்டுல கவனமா இருக்கணும்னு" என்றார். அப்போது எனக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு நாளைக்கு லேசா பிரெட் மட்டும் குடுங்க."

என் கல்யாணத்துக்கு நாச்சிமுத்து அண்ணன் வந்தார். (வயிறு சரியான பிறகுதான் கல்யாணம். டாக்டர் வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தார்.) மேடையில் ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தார். திறந்தால் மூன்று சாவி கோத்த வளையம். "பூட்ட அன்னைக்கே எடைக்குப் போட்டாச்சு கண்ணு. இது உனக்குத்தான் சேரோணும்" என்றார். கல்யாண ஆல்பத்தில் ஒரு மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் சாவியை முறைத்துக்கொண்டிருப்பார், அவர்தான் என் கணவர்.

அன்றைக்கே செல்வி அக்கா அவருக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் பாத்ரூமில் அதிக நேரம் உட்கார்ந்தாலும், என் மகளானாலும், விருந்துக்கு வந்த சொந்தக்காரரானாலும், கதவைத் தட்டி யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்கள்:

"கண்ணு, வெளிய வா. மேடம் வந்துட்டாங்க."

உள்ளே இருப்பவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

"முடியாதுங்ணா!"