சிவப்பு முகம்

செவ்வாய்க்கிழமை மட்டும் சிவப்பு முகம் நாற்பத்தொரு தடவை அழுத்தப்பட்டிருந்தது. உர்ஹோவின் திரையிலோ வைஃபை வேகம் பச்சை, சிக்னல் பச்சை, மூன்று மாடியிலும் எல்லாமே பச்சை.

பின்லாந்தின் சிற்றூர் ஒன்றில், நகராட்சி அலுவலகத்தின் வைஃபையைக் கண்காணிப்பது அவர் வேலை. ஊழியர்களின் மனதையும் கண்காணிக்க, காபி அறை வாசலில் போன வாரம் ஒரு பெட்டியை நிறுத்தியிருந்தார். 'இன்று வைஃபை எப்படி?' என்று மேலே ஒரு தாள். கீழே, சிரிக்கும் பச்சை முகத்தில் தொடங்கி முறைக்கும் சிவப்பு முகம் வரை நான்கு பொத்தான்கள். நிறுத்திய அன்றே, கேபிள்களுக்கு எண் எழுதி எழுதி மையில் கறுத்துப்போன கட்டைவிரலால் அவரே சிவப்பை அழுத்திப் பார்த்திருந்தார். நன்றாக வேலை செய்தது.

"வெள்ளிக்கிழமையாவது பச்சை பாதிக்கு மேல வரணும், உர்ஹோ," என்றாள் மேலதிகாரி மார்கெத்தா. "இல்லேன்னா இந்த வேலைய ஹெல்சிங்கில யாருக்காவது குடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

உர்ஹோவின் மனைவி ஆவுனே போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். காலையில் எழுந்து சட்டை மாட்ட அவருக்கு மிச்சமிருந்த காரணம் இந்த வேலைதான்.

வரிப் பிரிவு எய்னாரியைப் பிடித்தார்.

"நெட் எப்படி இருக்கு?"

"ஒரு குறையும் இல்ல."

"நெசமாவா?"

"ம்."

உர்ஹோ நம்பவில்லை. அந்த ஊரில் முகத்துக்கு நேரே குறை சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பை அணைப்பதற்குச் சமம். பெட்டிதான் உண்மை பேசும்.

கூரையில் துளை போட்டு, பெட்டிக்கு நேர் மேலே புதிய வைஃபை கருவி ஒன்றை மாட்டினார். சுண்ணாம்புத் தூள் பெட்டி முழுக்கக் கொட்டியது. புதிய கருவியின் சிக்னலும் பழையதன் சிக்னலும் மோதிக்கொண்டதில் எய்னாரியின் வீடியோ கூட்டம் பாதியில் உறைந்தது.

புதன்கிழமை சிவப்பு அறுபத்தெட்டு.

இன்னொரு கருவி மாட்டினார். அதைச் செருக ப்ளக் பாயிண்ட் இல்லாததால் காபி மெஷினைக் கழற்றினார். துப்புரவுப் பணியாளர் ஹில்யாவிடமும் சொல்லிவைத்தார்.

"அந்தப் பெட்டிய நல்லாத் துடைச்சு வை, ஹில்யா. தூசியப் பாத்து யாரும் தயங்கக் கூடாது."

"பளபளன்னு வச்சுடறேன்."

வியாழக்கிழமை சிவப்பு நூற்றுப் பன்னிரண்டு. அலுவலகத்தில் இருந்ததே அறுபது பேர்.

"காபி இல்லையாமே?" என்றார் எய்னாரி.

"கோவமா?"

"சேச்சே. வெந்நீரும் நல்லாத்தான் இருக்கு."

அன்று மாலை உர்ஹோ தோல்வியை ஒப்புக்கொண்டார். கருவிகளைக் கழற்றி, துளையை அடைத்து, காபி மெஷினை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். சன்னலுக்கு வெளியே தெர்மாமீட்டர் தெரிந்தது. "குளிருதுன்னு நான் சொன்னா நம்ப மாட்டே. அதப் பாத்துட்டுத்தான் கோட்டு போடுவே," என்பாள் ஆவுனே. அவர் அதைப் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பச்சை பதினொன்று. சிவப்பு, பூஜ்யம்.

"என்னய்யா பண்ணின?" என்றாள் மார்கெத்தா.

"எல்லாத்தையும் பழையபடி வச்சேன்."

"அதுதான் நுட்பம். திங்கக்கிழமை ஹெல்சிங்கிலேர்ந்து நாலு பேர் வராங்க, உன் முறையக் கத்துக்க. உன் வேலைய இனி யாரும் தொட முடியாது."

திங்கள் காலை, விருந்தாளிகள் வருமுன் பெட்டியைப் பார்த்துவிடலாம் என்று உர்ஹோ சீக்கிரமே வந்தார். அங்கே ஹில்யா ஈரத்துணியோடு குனிந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கோ உர்ஹோ, வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டேன், இதத் துடைக்கவே இல்ல," என்றாள், சிவப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தித் தேய்த்தபடி. "மத்ததெல்லாம் சுத்தமாயிடுது. இந்தச் சிவப்பு மூஞ்சியில யாரோ அப்பின மைக்கறைதான், தினமும் நூறு தேய் தேய்ச்சாலும் போகமாட்டேங்குது."