தோற்கத் தெரியாத றஸாக்

"வாப்பா, வாடகைய எடுங்க. மாமா எவ்வளவு நேரமா நீட்டிக்கிட்டு இரிக்கார்!" என்றாள் ஸஹ்றா.

றஸாக்குக்குக் கை எழவில்லை. எதிரே காகிதக் காசை நீட்டிக்கொண்டிருந்தவர் ஷரிபுதீன். ஸஹ்றாவைக் கட்டப்போகும் மாப்பிள்ளையின் வாப்பா. கல்முனை பஸாரில் புடைவைக் கடை வைத்திருப்பவர். ஒரு சாரனுக்குக்கூட விலை குறைக்காதவர் என்று பெயரெடுத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதரைத் தன் வீட்டுக்கு அழைத்து, பகல் சாப்பாடு போட்டு, தேத்தண்ணியும் கொடுத்து, திரும்பத் திரும்ப மொட்டையடித்துக்கொண்டிருந்தார் றஸாக்.

அதுவும் ஒரு காரியம் கேட்கவேண்டிய நாளில்.

இந்தக் கிழக்குக் கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவன் பொறுப்பு. றஸாக் சும்மா இருக்காமல், மேல்மாடியோடு தருகிறேன் என்று வாயை விட்டிருந்தார். இப்போது படிக்கட்டு முடிந்திருந்தது. ஏறிப்போனால் வானம்தான். பெருநாள் கழிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. 'ஒரு வருஷம் பிந்தித் தாங்க மச்சான்' என்று கேட்கவேண்டும். அதற்கு ஷரிபுதீனின் முகம் முதலில் மலரவேண்டும்.

முகத்தை மலர வைக்கத்தான் அந்த விளையாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். மாப்பிள்ளை தான் வேலை செய்யும் கட்டாரிலிருந்து ஸஹ்றாவுக்கு அனுப்பியது. காணி வாங்கி, கட்டடம் எழுப்பி, அங்கே வந்து நிற்பவரிடம் வாடகை வாங்குகிற அந்தப் பழைய விளையாட்டுத்தான். ஆனால் இது சினிமாப் பதிப்பு. தெருக்களுக்குப் பதிலாகப் படங்கள். வீட்டுக்குப் பதிலாக ஸ்டூடியோ. ஹோட்டலுக்குப் பதிலாகத் தியேட்டர்.

மூடியைத் தூக்கியபோது எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நகத்தளவு பொன்நிறக் கமெரா ஒன்று, அதில் கண்ணாடிகூட இருந்தது. இயக்குநர் உட்காரும் மடக்குக் கதிரை, துணியின் சுருக்கத்தோடு. தியேட்டரின் வாசலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வரிசையில் சனம். ஷரிபுதீன் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்து, "ஸுப்ஹானல்லாஹ்!" என்றார். கமெராவைத் தன் காயாக எடுத்துக்கொண்டார். ஸஹ்றாவும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டாள். அவருடைய மனைவி றபீக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நான் வங்கிய பாக்கன்" என்று காசுக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தோற்றுக் கொடுப்பது என்ன பெரிய காரியமா என்று நினைத்தார் றஸாக். பலகையில் யாருமே சீண்டாத மண்நிறப் பேய்ப் படங்களைத் தேடிப் பிடித்து வாங்கினார். ஷரிபுதீன் தாயக்கட்டையை உருட்டினார். பொன் கமெரா நேரே பேய்ப் படத்தில் வந்து நின்றது. அடுத்த சுற்றிலும் அங்கேதான்.

வந்த காசைத் தொலைக்க றஸாக் ஸ்டூடியோ கட்டினார். அதற்கும் வாடகை வந்தது. மிஞ்சியதைத் தொலைக்கத் தியேட்டர் கட்டினார். அந்தக் குட்டித் தியேட்டரைக் கையில் எடுத்தபோது அவருக்கு ஒரு கணம் எல்லாமே மறந்துபோனது. பாதி வாழ்க்கையைப் போட்டு அரை வீடு கட்டியவர் அவர். இங்கே ஒரு உருட்டலில் தியேட்டர்! யா அல்லாஹ், இப்படியும் ஒரு உலகமா என்று வியந்தார். இந்தப் பறக்கத்தை, இந்த அருள் வளத்தை, இங்கே கொட்டாமல் அங்கே மேல்மாடிக்குக் கொஞ்சம் தந்தால் என்ன என்றும் தோன்றியது.

மனைவி ஜெமீலா, அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினிக்குள் அவரைக் கூப்பிட்டு ஏசினாள்.

"என்ன வேலை செய்றீங்க? மனிசன்ட மொகம் கறுத்துப்போய்க் கிடக்கு!"

"தோக்கத்தான் பாக்கன் ஜெமீலா. ஏலாம கிடக்கு."

"அப்ப ஜெயிலுக்குப் போங்க! உள்ளுக்குப் போனா ஒண்டும் வாங்க ஏலா எண்டு சொல்லுவாங்க."

இந்தப் பதிப்பில் ஜெயிலுக்குப் பெயர் தணிக்கை அறை. அங்கே போய் விழுந்ததும், "அல்ஹம்துலில்லாஹ்!" என்று றஸாக் சத்தமாகவே சொல்லிவிட்டார். ஜெயிலுக்குப் போனதற்கு இப்படிச் சந்தோசப்பட்ட மனிதரை ஷரிபுதீன் கண்டதில்லை. ஆச்சரியமாகப் பார்த்தார்.

உள்ளே போன பிறகுதான் விஷயம் விளங்கிற்று. உள்ளே இருப்பவருக்கு வாடகை கொடுக்கும் செலவில்லை. வெளியே சுற்றுகிறவர் வந்து வந்து கொடுக்கவேண்டும். றஸாக் கம்பிக்குப் பின்னால் இருந்தபடியே பணக்காரரானார்.

ஷரிபுதீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், என்ட இந்த நீல நிறப் படம் ரெண்டையும் நீங்களே எடுங்க."

"விலை?"

"பாத்துத் தாங்க."

சாரனுக்கு விலை குறைக்காதவர் பாத்துத் தாங்க என்கிறார்! கோபத்தின் உச்சத்தில்தான் மனிதன் இப்படியெல்லாம் கதைப்பான் என்று றஸாக் முடிவுகட்டினார். இனி ஒரே வழிதான் இருந்தது.

"நான் விளையாட்ட விடுறன். என்ட எல்லாத்தையும் மகள்ட பேருக்கு எழுதிட்டன்!"

இந்த ஊரில் வாப்பாமார் எல்லாரும் செய்வதுதானே. ஒருவரும் விதியைத் தேடிப் பார்க்கவில்லை. ஆனால் ஸஹ்றா கைதட்டினாள்.

"வாப்பா! மஞ்சள் படத்துல ரெண்டு உங்களிட்ட, ஒண்டு என்னட்ட இருந்த. இப்ப மூண்டும் என்ட கையில. வாடகை ரெட்டிப்பு!"

பொன் கமெரா மஞ்சளில் வந்து நின்றது. ஷரிபுதீன் தன்னிடமிருந்த கடைசித் தாள்வரை எடுத்து மருமகளின் முன்னால் வைத்தார். "மருமகளுக்குத்தானே" என்றார். பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. எழுந்து, கைகால் கழுவி வுளூ எடுக்கக் கிணற்றடிக்குப் போனார்.

றஸாக் உட்கார்ந்த இடத்திலேயே இடிந்துபோனார். மகளின் கல்யாணத்தை ஒரு பொம்மைத் தியேட்டரில் அடகு வைத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார். ஜெமீலா குசினி வாசலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி," என்றார் றஸாக் றபீக்காவைப் பார்த்து, "மச்சான் கோவிச்சிட்டார். அல்லாஹ்மேல ஆணையா, நான் வேணுமெண்டு வெல்லல்ல."

காசை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த றபீக்கா தலையை நிமிர்த்தினார். பிறகு கிணற்றடிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவமா? மகனுக்குக் கட்டார்ல வேலை போயிட்டு மச்சான். கலியாணத்த ஒரு வருஷம் பிந்தித் தாங்க எண்டு கேக்க வந்த மனிசன், உங்கள எப்படியாச்சும் வெல்லவெச்சு மனசக் குளிர வெச்சுட்டுத்தான் வாயத் திறக்கணுமெண்டு இவ்வளவு நேரமும் பாடுபட்டுக்கிட்டு இரிக்கார்!"